குத்துமதிப்பில் தொடங்கும் கணக்கு வகுப்பு

போன ஆடியில் என் பையனிடம் 200 ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினேன். சாமான் 137 ரூபாய். அவன் 53 ரூபாயோடு திரும்பி வந்தான். ஐந்தாம் வகுப்பு படிக்கிறான், 16-ஆம் வாய்ப்பாடு வரை தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். "மீதி சரியா இருக்கா தம்பி?" என்று கேட்டால், "நோட்டு எடுத்துட்டு வரட்டுமாம்மா?" என்கிறான். அவசரத்தில் ஒரு பத்து ரூபாய் விடுபட்டிருந்தது, போய்க் கேட்டதும் கடைக்காரர் கொடுத்துவிட்டார். ஆனால் பையனை நினைத்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பாபநாசத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் நடத்தும் வகுப்பைப் பற்றி, என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் அக்கா சொன்னார். சனி, ஞாயிறு காலை 10 முதல் 12 மணி வரை. மாதம் 300 ரூபாய். 7 வயது முதல் 12 வயது வரை சேர்த்துக்கொள்கிறார். எட்டு மாதமாக அனுப்பிவருகிறேன்.

முதல் மாதம் நோட்டே கிடையாது. எந்தப் பொருளானாலும் முதலில் கண்ணால் பார்த்து, கையில் தூக்கி, குத்துமதிப்பாக ஒரு எண் சொல்ல வேண்டும். அப்புறம்தான் தராசு, நாடா, படி எல்லாம். ஒரு படிக்கு எத்தனை ஆழாக்கு என்று கேட்டதற்கு என் பையன் 5 என்றானாம். அரிசியை அளந்து கொட்டிப் பார்த்தால் 8. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. அப்படியானால் உரி என்பது அரைப் படி, உழக்கு கால் படி, ஆழாக்கு அரைக்கால் படி. வட்டத்தை எட்டாகப் பிரித்து வண்ணம் தீட்டியபோது பிடிபடாத எட்டில் ஒன்று, அரிசியைத் தொட்டதும் பிடிபட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து என் பாட்டி காலத்துப் பித்தளைப் படியைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லி ஒரே பிடிவாதம்.

மீதிச் சில்லறைக்கு அவர் கழித்தலே சொல்லித்தரவில்லை. 137-இலிருந்து 140-க்கு 3, அங்கிருந்து 200-க்கு 60, ஆக 63. கல்லாவில் இருப்பவர்கள் எண்ணிக் கொடுக்கிற அதே வழிதான். கிலோ 60 ரூபாய் கத்தரிக்காயில் 350 கிராம் என்றால், கால் கிலோ 15, நூறு கிராம் 6, மொத்தம் 21. இப்போது சந்தையில் எனக்கு முன்னால் அவன் சொல்லிவிடுகிறான்.

எனக்கு மிகவும் பிடித்தது தை அறுவடைக்குப் பிறகு வயலில் நடந்த வகுப்பு. நானும் கூடப் போயிருந்தேன். 12 அடி மூங்கில் கோலால் நாலு பக்கமும் அளந்து சதுரமாகக் கோடு போட்டார்கள். அதுதான் ஒரு குழி, 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. 'மா' என்ற சொல்லுக்கே பழைய தமிழ்க் கணக்கில் இருபதில் ஒன்று என்று பொருள் என டீச்சர் சொன்னபோது, இத்தனை வருடம் "மூணு மா நிலம்" என்று பேசிவந்த எனக்கே அது புதிது. மூன்று மா ஒரு ஏக்கர் என்று ஊரில் சொல்கிறோமே, சரியா என்று கேட்டார். பிள்ளைகள் போட்டுப் பார்த்தார்கள். மூன்று மா 43,200 சதுர அடி, ஏக்கர் 43,560. சரியாக இரண்டரைக் குழி குறைகிறது. என் அப்பாவிடம் பையன் இதைச் சொல்ல, அவர் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டார்.

குறைகளும் உண்டு. 16 பிள்ளைகள் கலந்து உட்காருவதால் பெரியவர்கள் முந்திக்கொண்டு விடையைக் கத்திவிடுவார்கள். முதல் இரண்டு வாரம் என் பையன் வாயே திறக்கவில்லை. டீச்சரிடம் சொன்னேன். அதன் பிறகு எல்லாரும் முதலில் சிலேட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று மாற்றினார், நன்றாக இருக்கிறது. மேட்டூர்த் தண்ணீர்க் கணக்கு சின்னப் பிள்ளைகளுக்கு ரொம்பவே பெரிது. நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க விட்டால்தான் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி, என்பதில் பெரியவர்களுக்கு ஆர்வம் பொங்கியது, ஏழு வயதுப் பிள்ளைகள் எழுந்து விளையாடப் போய்விட்டார்கள். அன்றைக்காவது இரண்டு குழுவாகப் பிரித்திருக்கலாம்.

பள்ளித் தேர்வு மதிப்பெண்ணுக்காகச் சேர்க்க நினைப்பவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது. என் பையனுக்கு அரையாண்டில் மூன்றே மதிப்பெண்தான் கூடியது. ஆனால் தாத்தாவோடு கொள்முதல் நிலையத்துக்குப் போனவன், 40 கிலோ நெல் சிப்பம் (மூட்டை) 27 என்றதும் "1,080 கிலோ தாத்தா, பத்து குவிண்டாலுக்கு மேல 80 கிலோ" என்று ரசீது வருவதற்குள் சொல்லியிருக்கிறான்.

சின்னவளுக்கு ஆனியில் 7 வயது முடிகிறது. இடம் கேட்டு வைத்திருக்கிறேன்.