பிரிண்டர் அடிக்கடி ‘ஆஃப்லைன்’: டபிள்யூஎஸ்டி போர்ட்டா, டிசிபி/ஐபி போர்ட்டா?

நேற்று வரை அச்சடித்த நெட்வொர்க் பிரிண்டரை இன்று கணினி ‘ஆஃப்லைன்’ என்கிறது. பிரிண்டரின் திரையிலோ ‘ரெடி’ என்றே இருக்கிறது. உடனே டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறோம். சில நாள் ஓடும், பிறகு பழையபடி நின்றுவிடும். பெரும்பாலும் டிரைவர்மேல் பழியே இல்லை. கணினி எந்த வழியில் பிரிண்டரைத் தேடிப் போகிறது என்பதைப் பாருங்கள். அந்த வழியைத்தான் விண்டோஸ் ‘போர்ட்’ என்கிறது.

முதலில் பிரிண்டரின் மெனுவில் அதன் ஐபி முகவரியைப் பார்த்து, கணினியின் பிரவுசரில் அடியுங்கள். பிரிண்டரின் பக்கம் திறந்தால் நெட்வொர்க் நன்றாக இருக்கிறது, கோளாறு கணினியின் போர்ட் அமைப்பில். திறக்காவிட்டால் வைஃபை, கேபிள் பக்கம் போங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால் பிரிண்டருக்கு ரூட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை.

பக்கம் திறந்தது என்றே வைத்துக்கொள்வோம். விண்டோஸில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸுக்குள் ‘போர்ட்ஸ்’ பகுதியில் டிக் எதில் இருக்கிறது?

தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்த பிரிண்டர் பல நேரம் டபிள்யூஎஸ்டி (வெப் சர்வீசஸ் ஃபார் டிவைசஸ்) போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். இது மல்டிகாஸ்ட் (ஒரே செய்தியைப் பல கருவிகளுக்கு அனுப்பும் முறை) வழியாக, யுடிபி 3702 என்ற வாசல் எண்ணில், நெட்வொர்க் முழுக்கக் குரல் கொடுத்துப் பிரிண்டரைத் தேடுகிறது. ஐபி மாறினாலும் கண்டுபிடித்துவிடும் என்பது இதன் உண்மையான பலம். ஆனால் அந்தக் குரல் போய்ச் சேர வேண்டுமே! மல்டிகாஸ்டைச் சரியாகக் கடத்தாத ரூட்டர், ‘பப்ளிக்’ என்று மாறிப்போன விண்டோஸ் நெட்வொர்க் அமைப்பு, உறக்க நிலையில் பதில் சொல்லாத பிரிண்டர் என எதுவானாலும் ‘ஆஃப்லைன்’தான்.

டிசிபி/ஐபி போர்ட்டுக்குத் தேடலே கிடையாது. கொடுத்த முகவரிக்கு, வழக்கமாக பிரிண்டரின் 9100 என்ற வாசல் எண்ணுக்கு, நேரே அனுப்பும். பலவீனம் ஒன்று: மின்சாரம் போய் வந்து ரூட்டர் வேறு முகவரி கொடுத்துவிட்டால், கணினி பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். இதைச் சரிசெய்துவிடலாம் என்பதால்தான் என் தேர்வு இது. டபிள்யூஎஸ்டி ஏன் தவறியது என்று கண்டறிவது அவ்வளவு எளிதல்ல.

முகவரியை மாறாமல் நிறுத்த இரண்டு வழிகள். பிரிண்டரிலேயே நிலையான ஐபி போடலாம். ஆனால் ரூட்டர் தானாக வழங்கும் வரம்புக்கு வெளியே உள்ள எண்ணாகப் பார்த்துப் போட வேண்டும். இல்லையேல் அதே எண் ஒரு கைப்பேசிக்கும் போய் இரண்டும் மோதும். பின்னாளில் 192.168.1இல் இருந்து 192.168.0க்கு மாறும் புது ரூட்டர் வந்தால், பிரிண்டர் தனித்து நின்றுவிடும். ரூட்டரில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் இணைப்புக்குத் தயாரிப்பிலேயே தரப்படும் அடையாள எண்) ஓர் ஐபியை ஒதுக்கி வைப்பது இன்னும் நல்லது: பிரிண்டரைத் தொடவே வேண்டாம், ஒதுக்கியவை எல்லாம் ஒரே பட்டியலில் தெரியும். கேபிளுக்கும் வைஃபைக்கும் மேக் முகவரி வேறு வேறு; பயன்படுத்தும் இணைப்பின் முகவரியைக் கொடுங்கள். ரூட்டரின் கடவுச்சொல் உங்கள் கையில் இல்லாத இடத்தில் டபிள்யூஎஸ்டியே இருந்துவிட்டுப் போகட்டும்.

டிசிபி/ஐபிக்கு மாறிய பிறகும், பிரவுசரில் பக்கம் திறந்தும், ‘ஆஃப்லைன்’ போகவில்லையா? நெட்வொர்க் கருவிகளின் நிலையை விசாரிக்கும் முறையான எஸ்என்எம்பியைச் சந்தேகப்படுங்கள். விண்டோஸ் இந்த முறையில், யுடிபி 161 வழியாகப் பிரிண்டரின் நிலையை விசாரிக்கிறது. பதில் வராவிட்டால், நலமாக இருக்கும் பிரிண்டரையும் ஆஃப்லைன் என்று முடிவுகட்டிவிடும். ‘கன்ஃபிகர் போர்ட்’டில் ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு’ டிக்கை எடுத்துவிடுங்கள். தாள் தீர்ந்தது போன்ற தகவல் கணினிக்கு வராமல் போகலாம், அச்சு வரும்.

போர்ட்டை மாற்ற டிரைவரை நீக்க வேண்டியதில்லை. அதே ‘போர்ட்ஸ்’ பகுதியில் ‘ஆட் போர்ட்’, பிறகு ‘ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்’, ஒதுக்கிய ஐபி, அவ்வளவுதான். பழைய வேலைகள் வரிசையில் சிக்கியிருந்தால் அவற்றை நீக்கிவிட்டு, விண்டோஸ் சர்வீசஸில், அச்சு வேலைகளை வரிசையில் வைக்கும் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ஐ ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, சோதனைப் பக்கம் அடித்துப் பாருங்கள்.