முதலாளிக்கும் ஸ்டோர் அண்ணனுக்கும் நடுவே ஓர் எக்செல் ஷீட்

திருப்பூரில் நாற்பது மெஷின் ஓடும் பனியன் கம்பெனி எங்களுடையது. கணக்கு என் பொறுப்பு. பில்லிங் சாஃப்ட்வேரை மாற்ற ஓர் ஆலோசகரை அமர்த்தினோம். இரண்டு நாள், 18,000 ரூபாய். ஐந்துக்கு மூன்று ஸ்டார் தருவேன்.

அவர் கொண்டுவந்தது ஏ.எச்.பி. (அனலிடிக் ஹைரார்க்கி ப்ராசஸ்) என்ற, தேர்வு செய்ய உதவும் முறை. 1970களில் தாமஸ் சாட்டி என்ற பேராசிரியர் உருவாக்கியது. இரண்டிரண்டாக எடுத்து, "விலையா, ஜாப் ஒர்க் கணக்கா, எது முக்கியம்? எவ்வளவு?" என்று கேட்கும். ஜாப் ஒர்க் என்றால் நூலையும் துணியையும் வெளியே கொடுத்து வேலை செய்து வாங்குவது. சமம் என்றால் 1, பேச்சுக்கே இடமில்லை என்றால் 9. விலை, ஜாப் ஒர்க், ஜி.எஸ்.டி., சர்வீஸ், பழைய டேட்டா என ஐந்து விஷயத்துக்குப் பத்து ஜோடி. நான்கு சாஃப்ட்வேரை ஒவ்வொன்றிலும் ஒப்பிட இன்னும் 30. சாப்பாட்டுக்கு மேல் எல்லாருக்கும் கண் சொருகியது. கடைசிக் கேள்விகளுக்கு வாய்க்கு வந்த நம்பரைத்தான் சொன்னோம்.

ஜாப் ஒர்க்கைவிட விலை பெரிது, சர்வீஸைவிட ஜாப் ஒர்க் பெரிது என்றார் முதலாளி. கொஞ்ச நேரம் கழித்து, விலையைவிட சர்வீஸ்தான் பெரிது என்றார். ஷீட்டில் 0.27 என்று சிவப்பில் வந்தது. பதில்கள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருந்தால் 0.1க்குள் நிற்குமாம்.

அப்போதுதான் ஸ்டோர் அண்ணன் வாயைத் திறந்தார். "நூல் நிட்டிங் போயி, துணியா டையிங் போயி, எடை கொறஞ்சு வருதுங்க. அந்தக் கொறையெல்லாம் இதுலதானுங்க இருக்குது" என்று நீளமான நோட்டு ஒன்றை மேசையில் வைத்தார். முதலாளி அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒரு லாட்டில் 300 கிலோ போய் 276 கிலோ வந்திருந்தது. பேசாமல் இரண்டு பக்கம் புரட்டியவர், விலைக்குக் கொடுத்த நம்பரை அவரே குறைத்தார். மூன்று ஸ்டாரும் அந்த நிமிஷத்துக்குத்தான்.

குறைக்கு வருகிறேன். 5 கோடிக்கு மேல் டேர்ன்ஓவர் இருந்தால் 2023 ஆகஸ்ட்டிலிருந்து இ-இன்வாய்ஸ், அதாவது அரசு போர்ட்டலில் பதிந்து எடுக்கும் பில், கட்டாயம். அது இல்லாத சாஃப்ட்வேரை முதலிலேயே தூக்கியிருக்க வேண்டும். ஆலோசகர் அதையும் உட்காரவைத்து மார்க் போட வைத்தார். இரண்டாம் நாள், முதலாளியின் மச்சினர் சொன்னாரென்று ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தோம். அது கடைசியில்தான் வந்தது, ஆனால் முதல் இரண்டும் இடம் மாறிக்கொண்டன! இந்த முறையின் பழைய வியாதி இது, 1983லேயே எழுதியிருக்கிறார்கள். அதையும் முன்கூட்டியே சொல்லவில்லை அவர்.

கடைசியில் முதல் இரண்டு இடத்தில் வந்த சாஃப்ட்வேர்காரர்களையும் கூப்பிட்டு, நோட்டிலிருந்து பத்து டி.சி.யை (சரக்கோடு போகும் சீட்டு) எங்கள் கண்ணெதிரே போடச் சொன்னோம். ஒன்றில், அனுப்பிய துணி இரண்டு தவணையாகத் திரும்பினால் எழுத இடமே இல்லை. மற்றதை வாங்கினோம்.

மூன்று மாதம் ஓடிவிட்டது. அண்ணன் நோட்டை இன்னும் மூடவில்லை. கேட்டால், "கரண்ட் போச்சுன்னா?" என்கிறார்.