மலக்குடலின் அடிப்பகுதியில் புற்றுநோய்: இணைப்பா, நிரந்தரப் பையா, காத்திருப்பா?

கட்டி ஆசனவாய்க்கு மிக அருகில் இருக்கிறது என்று தெரிந்ததும் வரும் முதல் கேள்வி, "பை இல்லாமல் முடியுமா?" வயிற்றில் போடும் துளை (ஸ்டோமா) வழியாக வரும் மலத்தைச் சேர்க்க ஒட்டும் பை அது. நியாயமான கேள்விதான். ஆனால் பையைத் தவிர்ப்பதற்கும் ஒரு விலை உண்டு. அறுவைக்கு முன் அதை யாரும் விவரமாகச் சொல்வதில்லை.

மலக்குடலை எடுத்துவிட்டுப் பெருங்குடலைக் கீழே இழுத்து இணைப்பது முதல் வழி. மலக்குடல் ஒரு தொட்டி. மலத்தைச் சேர்த்து வைத்து, நேரம் வரும்வரை பொறுக்கும். பெருங்குடலுக்கு அந்தப் பொறுமை கிடையாது, வந்ததைத் தள்ளிவிடும். அதனால் ஒரே மணி நேரத்தில் மூன்று நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அவசரம் வந்தால் அடக்க முடியாது. வருவது வாயுவா மலமா என்றே சில நேரம் தெரியாது. ஐந்து கேள்விகள் கொண்ட 'லார்ஸ்' மதிப்பெண் இதை 0 முதல் 42 வரை அளக்கிறது. 30-ஐத் தொட்டால் கடுமை. இந்த அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ பத்தில் நால்வர் அந்த நிலையில் இருக்கிறார்கள். இணைப்பு எவ்வளவு கீழே இருக்கிறதோ, அவ்வளவு தொல்லை. கதிர்வீச்சும் சேர்ந்தால் இன்னும் கூடும். முதல் ஓராண்டு, ஈராண்டில் குறையும். அதன்பின் மிஞ்சுவது பெரும்பாலும் தங்கிவிடும். மருத்துவர் சொல்லும் அளவில் சாப்பாட்டுக்கு அரை மணி முன் வயிற்றுப்போக்கை அடக்கும் லோபரமைடு மருந்து, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, ஆசனவாய் வழியாக நீர் செலுத்திக் குடலைக் கழுவுதல் ஆகியவை உதவும்.

இணைப்பு கசியும் ஆபத்தும் உண்டு. 2007-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், இணைப்பு ஆறும்வரை மலத்தை வழிமாற்றும் தற்காலிகப் பை வைத்தவர்களில் 10 சதவீதத்தினருக்கும், வைக்காதவர்களில் 28 சதவீதத்தினருக்கும் கசிவு ஏற்பட்டது. ஆக, இந்த வழியிலும் பெரும்பாலும் சில மாதங்களுக்குப் பை வருகிறது, அதுவும் சிறுகுடலில் வைக்கும் இலியாஸ்டமி. உண்மையில் இதுதான் சமாளிக்கக் கடினமான பை. கழிவு நீராக வரும், செரிமான நொதிகள் தோலை அரிக்கும். ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் உப்புச்சத்து இறங்கி, சிறுநீரகம் பாதிக்கும். அப்போது வெறும் தண்ணீரை நிறையக் குடித்தால் போக்கு கூடத்தான் செய்யும். உப்பும் சர்க்கரையும் சேர்ந்த கரைசல்தான் வேண்டும். சிலருக்கு இந்தத் 'தற்காலிக'ப் பை மூடப்படாமலே நின்றுவிடுவதும் உண்டு.

இரண்டாவது, ஆசனவாயையும் சேர்த்து எடுத்து, பெருங்குடலை வயிற்றுத் துளைக்குக் கொண்டுவந்து நிரந்தரப் பை (கொலாஸ்டமி) வைப்பது. இணைப்பே இல்லாததால் அந்தக் கசிவுப் பயம் இல்லை. தொல்லை வேறிடத்தில்: கதிர்வீச்சு பட்ட திசுவில் ஆசனவாய்ப் பகுதித் தையல் எளிதில் ஆறாது, உட்காரக்கூட முடியாமல் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். வருடங்கள் போகப் போக ஸ்டோமாவைச் சுற்றிக் குடலிறக்கம் வரலாம். மற்றபடி மலம் கெட்டியாகவே வரும். தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், வெதுவெதுப்பான நீரை ஸ்டோமா வழியாகச் செலுத்திக் கழுவப் பழகினால், இடைப்பட்ட நேரத்துக்குச் சிறு மூடியே போதும் என்ற நிலை பலருக்கு வாய்க்கிறது. நிரந்தரப் பை வாழ்க்கைத் தரத்தைக் குறைக்கிறது என்று முடிவுகட்டச் சான்று போதாது என்றே வெளியான ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2012 மறுஆய்வும் சொன்னது.

இரண்டு அறுவையிலும் இடுப்பெலும்புக் குழியின் நரம்புகள் பாதிக்கலாம். சிறுநீர்த் தடை பெரும்பாலும் சரியாகும். விறைப்புக் குறைவு, பெண்களுக்கு யோனி வறட்சி, சுருக்கம் ஆகியவை அவ்வளவு எளிதில் சரியாவதில்லை. கூச்சப்படாமல் முன்பே கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது வழி, கதிர்வீச்சும் கீமோவும் முடிந்து கட்டி முழுவதும் மறைந்தவர்களுக்கு மட்டும்: அறுவை செய்யாமல் கண்காணிப்பது. 2018-இல் வெளியான பன்னாட்டுப் பதிவேட்டில், இரண்டு ஆண்டுக்குள் நான்கில் ஒருவருக்குக் கட்டி திரும்பியது. அதில் 97 சதவீதம் குடல் சுவரிலேயே. அதனால்தான் முதல் இரண்டு ஆண்டு சில மாதங்களுக்கு ஒருமுறை விரல் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, எம்ஆர்ஐ. வர முடியாதவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கதிர்வீச்சு பட்ட மலக்குடலும் பழையபடி இருக்காது. இரத்தக் கசிவும் அவசரமும் வரலாம்.

கட்டி வருவதற்கு முன்பே மலத்தை அடக்கச் சிரமப்பட்டவர், தாழ்ந்த இணைப்பில் நிம்மதி காண்பது அரிது. அவருக்குப் பையே மேல். இணைப்புக்கே முடிவு செய்தாலும், அறுவைக்கு முன் படுத்தும் உட்கார்ந்தும் குனிந்தும் பார்த்து ஸ்டோமா இடத்தைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அறுவை மேசையில் திட்டம் மாறினால், மடிப்பில் விழுந்து ஒட்டாமல் கசியும் பை மிஞ்சாது.