நுழைந்ததும் கேட்பதா, படித்து முடித்ததும் கேட்பதா?

பத்தமடைப் பாய், உடன்குடிக் கருப்பட்டி என்று நம் பக்கத்துச் சரக்கை இணையதளத்தில் விற்கிறவர்களுக்கு ஒரு பெரிய சவால் இருக்கிறது. தளத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அன்றைக்கே வாங்குவதில்லை. சென்னையிலோ துபாயிலோ இருந்துகொண்டு, ஊர் நினைப்பில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களுடைய இமெயில் முகவரி கையில் இருந்தால்தான் புதுச் சரக்கு வரும்போது சொல்ல முடியும். அதை எந்த இடத்தில், எப்படிக் கேட்பது?

உள்ளே வந்ததும் திரையை மறைத்து எழும்பும் பாப்-அப் பெட்டி ஒரு வழி. முகவரிகள் சீக்கிரம் சேரும் என்பது உண்மைதான். ஆனால் கருப்பட்டி விலை பார்க்க வந்தவர், போனில் அந்தச் சின்னப் பெருக்கல் குறியைத் தேடி அழுத்துவதற்குள் சலித்துப் போவார். தேடலில் இருந்து வருகிறவருக்கு இப்படி வழி மறிக்கும் பக்கங்களைக் கூகுள் 2017 ஜனவரியிலிருந்தே மொபைல் தேடலில் கீழே தள்ளக்கூடும். எனக்கு இந்த வழியில் உடன்பாடே இல்லை.

அடுத்தது, பதிவு செய்தால் தள்ளுபடி. சட்டை, செருப்புக்குச் சரி. கலப்படமில்லாத கருப்பட்டிக்கு விலையைக் குறைத்தால், "சீனி கலந்திருப்பானோ" என்றுதான் நம் ஆட்களுக்கு முதலில் தோன்றும். போதாததற்கு, தள்ளுபடிக்காக வந்தவர் அது முடிந்ததும் போய்விடுவார்.

மூன்றாவது, சரக்கைப் பற்றித் தளத்தில் எழுதியிருப்பதைப் படித்து முடிக்கிற இடத்தில் கேட்பது. என் ஓட்டு இதற்குத்தான். பதநீர் காய்ச்சுவதைப் பற்றி ஒருவர் கடைசி வரி வரை படித்திருக்கிறார் என்றால் அவருக்கு அக்கறை இருக்கிறது. அங்கே "எங்கள் செய்திமடலில் இணையுங்கள்" என்று மொட்டையாகக் கேட்டால் யார் கொடுப்பார்? "பதநீர் சீசன் தொடங்கி, புதுக் கருப்பட்டி காய்ச்சியதும் ஒரு மடல் போடுகிறோம்" என்று எழுதுங்கள். என்ன வரும், எப்போது வரும் என்பது தெரிந்துவிடுகிறது. மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய்க்கும் இதே வழிதான். நயமான பாய் நெய்ய வாரக்கணக்கில் ஆகும். தை மாதக் கல்யாணத்துக்கு எப்போதுக்குள் ஆர்டர் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் மடல் என்றால், வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர் தாமாகவே முகவரி தருவார். பெட்டியில் இமெயில் மட்டும் கேளுங்கள், போதும். போன் நம்பர், பின்கோடு எல்லாம் ஆர்டர் வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

எல்லாரிடமும் வாட்ஸப் இருக்கிறதே, இமெயில் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆர்டர் எடுக்க, விலை பேச வாட்ஸப்பை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஒரே சேதியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் சாதாரண பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, அதுவும் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும். குரூப் போட்டாலோ ஒருவர் நம்பர் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் பேச்சு வாட்ஸப்பில், சீசன் சேதி மடலில் என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

அப்புறம், விலகும் வழியை மடலிலேயே தெளிவாக வையுங்கள். ஒரு நாளைக்கு 5,000 மடலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்கள், விளம்பர மடல்களில் ஒரே அழுத்தில் விலகும் வசதி தர வேண்டும் என்று 2024-இல் கூகுள் விதி கொண்டுவந்தது. சிறு வியாபாரிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் விலக வழி தெரியாதவர் ஸ்பாம் என்று அழுத்திவிடுவார். அப்படிப் பலர் அழுத்தினால், ஆசையாகக் காத்திருப்பவருக்குப் போகும் மடலும் ஸ்பாம் பெட்டியில்தான் விழும்.