பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ரோமானியத் துதிப்பாடல் வகுப்பு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு படிப்பகத்தின் மாடியில், பழைய ரோமின் பூசகர்களையும் அவர்களுடைய பாடல்களையும் பற்றி நான்கு சனிக்கிழமை மாலைகளில் நடந்த வகுப்பிற்கு 120 வெள்ளி கட்டிச் சென்றேன். கட்டிய பணத்திற்கு மேலாகவே கிடைத்தது. ஆனால் பாடக்குறிப்பில் உள்ள ஒரு பிழையைத் திருத்தியே ஆக வேண்டும்.

முதல் மாலை, மார்ச் மாதத்தில் கேடயம் ஏந்தி ரோம் வீதிகளில் குதித்தாடிய சாலியர்களோடு கழிந்தது. அவர்களுடைய பாட்டு அதைப் பாடிய பூசகர்களுக்கே சரியாக விளங்கவில்லை என்று 1ஆம் நூற்றாண்டில் ரோமானியச் சொற்கலை ஆசிரியர் குவின்டிலியன் எழுதியிருக்கிறார்.

வகுப்பின் உயிர் இரண்டாம் மாலையில்தான் இருந்தது. தேயா தியா என்னும் விளைச்சல் தெய்வத்திற்கு மே மாதத்தில் விழா எடுத்த ஆர்வல் சகோதரர்கள் என்னும் 12 பூசகர்கள், கதவைச் சாத்திக்கொண்டு, ஆடையை வரிந்துகட்டி, ஏடுகளைக் கையில் பிடித்தபடி கால்தட்டி ஆடிப் பாடிய பாட்டு, கி.பி. 218ஆம் ஆண்டு விழாவைப் பதிந்த கல்வெட்டில் இருக்கிறது. அந்தக் கல் 1778இல் ரோமில் கிடைத்தது. அவர்களுடைய புனிதச் சோலைக்குள் கல்வெட்டுப் பொறிக்க இரும்பு உளியைக் கொண்டுபோவதற்கு ஒரு பரிகாரப் பலியும், வெளியே எடுத்துவருவதற்கு இன்னொரு பலியும் கொடுத்தார்களாம். ஆசிரியர் எங்களை எழுந்து நிற்கச் சொல்லி, ஒவ்வோர் அடியையும் மும்முறையும், 'திரியும்பே' என்ற கடைசிச் சொல்லை ஐந்து முறையும் ஓத வைத்தார். சிறு வயது முதல் தேவாரம் ஓதி வரும் எனக்கு அப்போது மெய் சிலிர்த்தது.

பிழை அந்தப் பாட்டின் முதலடியில் இருக்கிறது. 'எனோஸ் லஸேஸ் யுவாத்தே' என்றால், லஸேஸ் தெய்வங்களே, எங்களுக்குத் துணை நில்லுங்கள் என்று பொருள். எங்கள் தோட்டத்து எல்லையில் முனியாண்டி நின்றதுபோல வீட்டையும் வயலையும் காத்த தெய்வங்கள் அவை. இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவில் வந்த ஸகரம் கி.மு. 4ஆம் நூற்றாண்டளவில் ரகரமாகத் திரிந்து, ஊரெல்லாம் 'லரேஸ்' என்று சொல்லத் தொடங்கி 500 ஆண்டுகளுக்கு மேலான பிறகும், பூசகர்கள் பழைய ஒலியை விடவில்லை. அந்த ஓரெழுத்துதான் பாட்டின் வயதைச் சொல்கிறது. குறிப்பிலோ 'லரேஸ்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆசிரியர் வாயால் சரியாகத்தான் சொன்னார், ஆனால் வீட்டிற்குப் போய்க் குறிப்பை மட்டும் பார்த்து ஓதுபவருக்கு அந்தப் பழைய ஒலி போய்விடும்.

அறை வசதியானது, மாலைத் தேநீரும் உண்டு. சனிக்கிழமைகளில் அங்கே கார் நிறுத்த இடம் கிடைப்பது கடினம் என்பதால், கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்து செல்வது நல்லது. அடுத்த வகுப்பில் சேருபவர்கள் குறிப்பு கைக்கு வந்ததும், முதலடியில் ரகரத்தை அடித்துவிட்டு ஸகரத்தை எழுதிக்கொள்ளுங்கள்.