பத்து மாத்திரைக்கு ஐம்பது நிமிடம்

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஹூஸ்டனிலிருந்து சிங்கப்பூர் வந்தேன். விமான நிலையம், எம்ஆர்டி ரயில், தேக்கா சந்தைக் கூட்டம் எல்லாம் வழக்கம்போல். என் பொறுமையைச் சோதித்தது ஒரு மருத்துவமனையின் மருந்து முகப்புதான்.

தம்பி மிதிவண்டியிலிருந்து விழுந்து தாடையை உடைத்துக்கொண்டான். டைட்டானியத் தகடு வைத்து வீட்டுக்கு அனுப்பிய நாள். வரிசை எண்ணோடு ஐம்பது நிமிடம் உட்கார்ந்தோம். அந்தக் காலத்தில் பேட்டைக் கிளினிக்கில் டாக்டரே மாத்திரையைச் சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தந்துவிடுவார்! இங்கே எண் வந்த பிறகு விசாரணை வேறு. மருந்தாளர் தமிழ்ப் பெண். வலி மாத்திரை முன்பு தொடர்ந்து சாப்பிட்டதுண்டா? தூக்க மாத்திரை? குடி? மனச்சோர்வுக்குச் சிகிச்சை? வாய் திறக்க முடியாத தம்பி இல்லையென்று தலையைத் தலையை ஆட்டினான். "புகைபிடிப்பீர்களா?" என்றபோது பக்கத்தில் அம்மா. நாற்பத்தொரு வயதுக்காரன், தரையைப் பார்த்துக்கொண்டே ஆம் என்று தலையசைத்தான்.

கிடைத்தது பாராசிட்டமால், ஐபுபுரூஃபன். தாங்க முடியாவிட்டால் மட்டும் என்று, ஓபியாய்டு எனப்படும், பழக்கமாகிவிடக்கூடிய வலிமருந்து வகையில் டிரமடால் பத்தே பத்து. கூடக் கொஞ்சம் கேட்டேன். "வலி குறையாவிட்டால் அழைத்து வாருங்கள் அங்கிள், டாக்டர் பார்க்கட்டும்." அந்த 'அங்கிள்' வேறு எரிந்தது.

2019இல் என் கன்ன எலும்பு முறிந்தபோது, ஹூஸ்டனில் காரைவிட்டு இறங்காமலே மருந்துக்கடை ஜன்னல் வழியாக, அதே வகையில் இன்னும் வலுவான ஆக்சிகோடோன் முப்பது வாங்கினேன். இரண்டே நிமிடம். சேவை என்றால் இது என்று தம்பியிடம் போனில் பீற்றிக்கொண்டேன். வலி பத்து நாளில் போய்விட்டது. தூக்கம் வருகிறதே என்று இரவுக்கு ஒன்றாக ஆறு வாரம் விழுங்கினேன். நடுவில் தீர்ந்ததும் கேட்டேன், இன்னும் முப்பது வந்தது. அப்போது நாளைக்கு அரைப் பாக்கெட் ஊதிக்கொண்டிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் 2017இல் வெளியான ஆய்வொன்றில், அதற்குமுன் ஓபியாய்டு பழக்கமில்லாதவர்களிலேயே நூற்றுக்கு ஆறு பேர் அறுவை சிகிச்சைக்கு மூன்று மாதம் கழித்தும் அதை வாங்கிக்கொண்டிருந்தார்கள். சின்ன அறுவையா பெரிய அறுவையா என்பதில் பெரிய வேறுபாடில்லை. புகை, குடி, மனச்சோர்வு, பதற்றம், பழைய வலி இருந்தவர்களே அதிகம் சிக்கினார்கள். முகப்பில் அந்தப் பெண் கேட்டதும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான்.

கேள்விகள் சரி. ஐம்பது நிமிடம் எதற்கு? படுக்கையிலேயே ஒரு தாளைக் கொடுத்திருந்தால் எழுதித் தந்திருப்பான், அம்மா அறியாமல்.

டாக்சியில் அம்மா, "எத்தனை வருடமாக?" என்றார். தம்பி தாடையைத் தொட்டுக் காட்டினான், பேச முடியாதாம். அம்மா என் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் உண்டா?"