சேலம் பழைய புத்தகக் கடையின் உள் அறை: சரித்திர மர்மப் பிரியர்கள் கவனத்துக்கு

பழைய பேருந்து நிலையத்தையொட்டிய சந்தில் இருக்கும் இந்தக் கடைக்குப் பெரும்பாலும் போட்டித்தேர்வு கைடு தேடித்தான் ஆள் வருகிறது. உள் அறைக்கு நுழைந்தால் கதையே வேறு. வாரப் பத்திரிகைகளில் வந்த சரித்திரத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டு வால்யூம்கள் அங்கே சுவர் முழுக்க. புதுப் பதிப்புகளில் விடுபட்ட ஓவியங்களும் இவற்றில் கிடைக்கும். அந்தக் காலத்து விளம்பரங்கள் இனாம்.

பிரித்துப் பார்க்கக் கடைக்காரர் தடை சொல்வதில்லை. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். முதலில் அத்தியாய எண்கள் வரிசையாக ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அது போதாது. அத்தியாயத்தின் கடைசிப் பத்தியை மட்டும் பின்னால் தள்ளி, இன்ன பக்கத்தில் தொடர்ச்சி என்று போடுவது பத்திரிகை வழக்கம். கிழித்தவர் அந்தத் துண்டை விட்டிருந்தால், முகமூடி விலகும் வரியே போயிருக்கும். மர்மக் கதைக்கு அதைவிடக் கேடு உண்டா? பக்கவாட்டில் குத்தித் தைத்தவற்றில் உள் ஓரத்து எழுத்துகள் தையலுக்குள் மறைந்துவிடும். விரித்துப் பிடித்தால் பழுத்த நியூஸ்பிரிண்ட் முறியும். நடுப்பக்கத்தில் ஒரு வரியை முழுதாகப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

ஏற்காட்டு எஸ்டேட் வீடுகளிலிருந்து இறங்கும் கட்டுகள் தனி ரகம். சுமார் 1,500 மீட்டர் உயரத்துப் பனிமூட்டத்தில் கிடந்தவை. அட்டை பளிச்சென்று இருந்தாலும் முதுகை மோந்தால் பூஞ்சை வாடை அடிக்கும். சேலத்து வெயிலில் காயப்போட்டால் தாள் சுருளும். மின்விசிறிக் காற்றில் நிற்க வைத்து, சில நாள் பக்கம் புரட்டி உலர்த்தி, அலமாரியில் ஒரு துண்டு வசம்பு போட்டு வைப்பது நல்லது.

முன்பக்க அடுக்கில் பொன்னியின் செல்வன் பல பதிப்பாக நிற்கிறது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு யாரும் அச்சிடலாம் என்பதால், சுருக்கப் பதிப்புகளும் முழு நூல் போலவே மினுக்குகின்றன. முதல் பாகத்தில் 57 அத்தியாயம், ஐந்தாம் பாகத்தில் 91, இறுதியில் முடிவுரை இருந்தால் எடுங்கள். முடிவுரையை விடக்கூடாது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் என்று ரவிதாசன் உள்ளிட்டோரின் பெயரை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. எப்படி, ஏன் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் நாவல் ஓடுகிறது. எது சரித்திரம், எது கற்பனை என்று யோசித்தபடி படிப்பதுதான் இந்த வகையின் ருசியே.

சங்ககிரிக் கோட்டை, சுரங்கப் பாதை, புதையல் என்று கொங்குக் கதைகளுக்கும் ஓர் அடுக்கு உண்டு. தரம் ஏறியிறங்கும். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு சேலம் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய்விட்டது. அதற்குப் பிறகும் சங்ககிரியில் திப்புவின் காவல் நிற்கிற நாவலை அடுக்கிலேயே வைத்துவிடலாம். கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலையை அங்கே தூக்கிலிட்டது 1805-ல், கம்பெனி ஆட்சியில்.

விலை பேச்சுவார்த்தைதான். அறையில் ஒரே பல்பு; செல்போன் டார்ச் வேண்டும். விற்ற வால்யூமைத் திரும்ப வாங்குவதில்லை. படித்து முடித்த நாவல்களைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள், பாகம் குறையாமல் இருந்தால்.